வாங்க மறுத்த பரிசில்: பெருஞ்சித்திரனாரை முன்வைத்துக் கலை, வெற்றி, செல்வம், நல்வாழ்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறநானூற்றை மாலை வேளைகளில் சிலருடன் சேர்ந்து படித்து வருகிறேன். பெருஞ்சித்திரனாரின் பாடல்களுக்கு வரும்போதெல்லாம், வந்திருப்பவர் யாராக இருந்தாலும், ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம் எழுகின்றன. பாட்டுக்குக் கூலி உண்டா, கூலி வாங்கினால் பாட்டு தாழ்ந்துவிடுமா, கையில் வந்த செல்வத்தை என்ன செய்வது என்பவை அவை. அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

பெருஞ்சித்திரனார் யார்? கலையையும் செல்வத்தையும் பற்றிப் பேச ஏன் அவரை எடுத்துக்கொள்ள வேண்டும்?

சங்ககாலப் புலவர். புறநானூற்றில் அவர் பாடியவையாகப் பத்துப் பாடல்கள் உள்ளன: 158 முதல் 163 வரை ஆறு, 207, 208, 237, 238 ஆகிய நான்கு. இவற்றைப் பாட்டுகளின் கீழே உள்ள பழங்குறிப்புகளோடு சேர்த்துப் படித்தால் ஒரு மனிதரின் வாழ்க்கைத் துண்டு நம் கண்முன் விரிகிறது. பசித்த வீட்டிலிருந்து புறப்படுகிறார். ஒரு வள்ளலின் வாயிலில் அவமதிக்கப்படுகிறார். வேறொருவனிடம் யானையைப் பரிசிலாகப் பெறுகிறார். வீடு திரும்பி, கொண்டுவந்ததை என்ன செய்வது என்று மனைவியிடம் சொல்கிறார். இல்லாமை, மறுப்பு, பேறு, பகிர்வு என்ற நான்கு நிலைகளையும் தம் வாயாலேயே சொல்லிச் சென்ற புலவர் அந்தத் தொகுப்பில் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குறிப்புகள் பிற்காலத்தில் தொகுத்தவர்கள் எழுதியவை என்பதால் அவற்றைச் சற்று எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். ஆனால் பாட்டுக்குள் இருப்பதே நமக்குப் போதும்.

அவருடைய வறுமை உண்மையா, வள்ளலின் மனத்தை இளக்குவதற்காகச் சொன்னதா?

இரண்டும் இருக்கலாம். பரிசில் கேட்கப் போகிற புலவர் தம் வறுமையைச் சொல்வது அக்காலத்து மரபு. ஆனால் மரபுக்காகச் சொல்பவர் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். இவரோ வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே காட்டுகிறார். 159ஆம் பாட்டில் தாய் வருகிறாள். இத்தனை ஆண்டு வாழ்ந்தும் உயிர் போக மாட்டேன் என்கிறதே என்று நொந்துகொண்டு, கோலையே காலாகக் கொண்டு குறுக அடியெடுத்து வைக்கும் அவளுடைய தலைமுடி, நூலை விரித்துப் போட்டாற்போல் இருக்கிறது. முற்றத்துக்குக்கூட அவளால் போக முடியாது. அடுத்து மனைவி. குப்பையில் முளைத்த கீரையில் முன்பு கொய்த இடத்திலேயே மறுபடி துளிர்த்த இளந்தளிரைக் கிள்ளி வந்து, உப்பில்லாமல், வெறும் நீரில் வேகவைத்து, மோரும் இல்லாமல், சோறு என்பதையே மறந்து தின்கிறாள்.

'முன்பு கொய்த இடத்திலேயே' என்ற அந்தச் சிறு விவரத்தில்தான் நான் எப்போதும் நின்றுவிடுவேன். அந்தக் கீரைச் செடி நேற்றும் கிள்ளப்பட்டது, அதற்கு முந்தைய நாளும் கிள்ளப்பட்டது என்று அது சொல்கிறது. 160ஆம் பாட்டில் குழந்தை வருகிறான். பால் வற்றிய முலையைச் சுவைத்துப் பார்த்துவிட்டு, கூழும் சோறும் தேடி, உள்ளே ஒன்றுமில்லாத பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலி வருகிறது என்று அச்சுறுத்திப் பார்க்கிறாள், நிலாவைக் காட்டிப் பார்க்கிறாள். அழுகை நிற்காதபோது, அப்பாவின் மேல் உனக்குள்ள கோபத்தை எப்படிக் காட்டுவாய், காட்டு பார்க்கலாம் என்று கேட்கிறாள். இதை ஒருவர் முழுக்கவும் கற்பனையாகச் செய்தார் என்றால், அந்தக் கற்பனைத் திறனுக்கே தனிப் பரிசில் கொடுத்திருக்க வேண்டும்.

அவ்வளவு இல்லாமையில் இருந்தவர் அதியமான் கொடுத்த பரிசிலை ஏன் வாங்க மறுத்தார்? வீண் கர்வம் அல்லவா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர் குரலில் பெரும்பாலும் சிறு எரிச்சலும் இருக்கும். நடந்தது இது: இன்றைய தருமபுரியான தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிக் குன்றும் மலையும் பல கடந்து பெருஞ்சித்திரனார் போகிறார். அதியமான் அவரை நேரில் காணவில்லை. இதைக் கொண்டு போகச் சொல் என்று பொருளை மட்டும் அனுப்புகிறான். அப்போது பாடியது 208ஆம் பாட்டு. என்னைப் பார்க்காமலே என்னை எவ்வாறு அறிந்தான், காணாமல் கொடுத்த இந்தப் பொருளுக்கு நான் ஒரு 'வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்கிறார். என் தகுதி இவ்வளவு என்று அறிந்து, விரும்பிக் கொடுத்தால், அது தினையளவாக இருந்தாலும் எனக்கு இனிது என்று முடிக்கிறார்.

தொகை குறைவு என்று அவர் சொல்லவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவேளை அது பெருந்தொகையாகவே இருந்திருக்கலாம். அதைப் பற்றிப் பாட்டில் பேச்சே இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது முகம் பார்த்தல். தகுதியைக் கண்டு மதிப்பதற்குச் சங்கப் பாடல்களில் 'வரிசை அறிதல்' என்று பெயர். பாடியவனை உட்கார வைத்து, பாட்டைக் கேட்டு, இவன் இன்னான், இவன் கல்வி இத்தகையது என்று உணர்ந்து கொடுப்பது பரிசில். வாயிற்காவலன் கையில் கொடுத்தனுப்புவது வந்தவரை அனுப்பிவைப்பதற்கான செலவு. 159ஆம் பாட்டில் முதிர மலைத் தலைவனான வள்ளல் குமணனிடமும் இதே நிபந்தனையை வேறு சொற்களில் வைக்கிறார்: மனமில்லாமல் கொடுத்தால் கொல்களிறே ஆனாலும் கொள்ள மாட்டேன், நீ மகிழ்ந்து கொடுத்தால் ஒரு குன்றிமணி அளவையும் கொள்வேன். கீரைக் குழம்பைப் பற்றிச் சொன்ன அதே பாட்டில்தான் இந்த நிபந்தனையும் இருக்கிறது. கர்வம் என்று சொல்ல விரும்புகிறவர் சொல்லலாம். பசி அறியாதவனுடைய கர்வம் என்று மட்டும் சொல்ல முடியாது.

அதே அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது ஔவையாரும் வாயிற்காவலனை நோக்கிச் சினந்து பாடியிருக்கிறார் (206). கோடரியோடு காட்டுக்குள் நுழைந்த தச்சனின் பிள்ளைகளுக்கு மரத்துக்குப் பஞ்சம் உண்டா, அப்படித்தான் எங்களுக்கும், எத்திசைச் சென்றாலும் அத்திசையில் சோறு உண்டு என்பது அவர் வாதம். அவர் பின்னர் அந்த அரசனோடு நெருங்கிய நட்புக் கொண்டார். பெருஞ்சித்திரனாரும் 158ஆம் பாட்டில் வள்ளல்கள் எழுவரின் பெயரை வரிசையாகச் சொல்லும்போது, அதியமானாகக் கொள்ளப்படும் எழினியை விட்டுவிடவில்லை. ஒருநாள் நடந்த பிழைக்காக ஒருவனின் முழு வாழ்வையும் தள்ளிவிடாத நேர்மை இது.

'வாணிகப் பரிசிலன் அல்லேன்' என்றால் வாணிகம் இழிந்தது என்று பொருளா?

அப்படித் தோன்றவில்லை. உப்பு விற்பவரிடம் உப்பு வாங்குகிறவன் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அளவும் விலையும் ஒத்துவந்தால் போதும். அந்த உறவுக்கு அது சரி. புலவர் தமக்கும் கேட்பவனுக்கும் உள்ள உறவு அத்தகையது அன்று என்கிறார், அவ்வளவுதான்.

இளவெளிமான் ஊரில் யானையைக் கட்டிய செயல் பழிவாங்கல் அல்லவா?

ஓரளவுக்கு ஆம், அதை மூடி மறைக்க நான் முயல மாட்டேன். வெளிமான் என்ற வள்ளலிடம் போனபோது, அவன் தன் தம்பி இளவெளிமானிடம் பரிசில் கொடுக்கச் சொன்னான். தம்பி சிறிதளவே கொடுத்தான். புலவர் கொள்ளவில்லை என்பது குறிப்பு. முகம் மலராமல் தரும் அந்தக் கொடைக்கு 207ஆம் பாட்டில் 'முகன் அழி பரிசில்' என்று ஒரு பெயர் வைக்கிறார். தம் நெஞ்சைப் பார்த்து, எழுந்திரு போகலாம், உலகம் பெரிது, பேணுகிறவர்கள் பலர் என்கிறார். களிற்றைக் குறிவைத்துப் பாய்ந்த புலி அது தப்பிவிட்டது என்பதற்காக எலியைப் பார்த்துப் பாயாது என்று 237இல் சொல்கிறார். பிறகு குமணனிடம் போய் யானையையே பெற்று, திரும்பும் வழியில் அதை இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டு, இரப்பவர் இருப்பதையும் பார், இரப்பவர்க்குக் கொடுப்பவர் இருப்பதையும் பார், இதோ என் பரிசில், நான் போகிறேன் என்கிறார் (162).

காவல் மரம் என்பது ஓர் ஊரின் மானம். பகைவன்தான் அதில் யானையைக் கட்டுவான். ஆகவே இது மென்மையான செயல் அன்று. எனினும் ஒன்று சொல்ல வேண்டும்: அவர் யானையைக் கொண்டுபோய்த் தம் அருமையைக் காட்டவில்லை, குமணனின் கொடையைக் காட்டினார். இதை ஏற்காத நண்பர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். வீட்டில் குழந்தை அழுதுகொண்டிருக்க, வழியில் நின்று ஒருவனுக்குப் பாடம் கற்பிக்க எப்படி மனம் வந்தது என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அவருக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை.

வள்ளலைப் புகழ்ந்து பாடிப் பொருள் பெறுவது முகத்துதிதானே?

முகத்துதியும் அந்தக் காலத்தில் இருந்திருக்கும். எல்லாக் காலத்திலும் இருப்பதுதான். ஆனால் புகழ்ந்த பாட்டுகளோடு கடிந்த பாட்டுகளும் அதே தொகுப்பில் காக்கப்பட்டிருப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 206, 207, 208, 162 ஆகியவை எல்லாம் கொடுப்பவனைக் கடிந்து சொன்ன சொற்கள். மலையமானின் சிறுவர்களை யானைக் காலில் இட முனைந்த சோழன் கிள்ளிவளவன் முன்னே நின்று கோவூர்கிழார் தடுத்துப் பாடியதும் (46) அங்கேதான் இருக்கிறது. இல்லை என்று சொல்லும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டிருந்ததால்தான் அவர்கள் புகழ்ந்ததற்கும் மதிப்பு இருந்தது.

அக்காலத்தில் ஒரு புலவருக்கு 'வெற்றி' என்பது எவ்வளவு பொருள்?

சேர அரசர்களைப் பாடிய பதிற்றுப்பத்தின் பதிகங்களில், அதாவது ஒவ்வொரு பத்தின் இறுதியிலும் உள்ள குறிப்புப் பாட்டுகளில், வியக்கத்தக்க எண்கள் வருகின்றன. பத்துப் பாடல்களுக்காகக் கபிலர் பெற்றது நூறாயிரம் காணமும் (காணம் என்பது பொற்காசு), நன்றா என்னும் குன்றின்மேல் ஏறி நின்று அரசன் கண்ட நாடெல்லாமும். குமட்டூர்க் கண்ணனாருக்கு 500 ஊர்கள். காக்கைபாடினியாருக்கு அணிகலனுக்கென்று தனியே பொன்னும் நூறாயிரம் காணமும். இந்தப் பதிகங்கள் பாட்டுக்குப் பின்னால் சேர்க்கப்பட்டவை. ஆகவே தொகைகளைக் கணக்கரின் ஏடு போல நம்ப வேண்டியதில்லை. ஆனால் பாட்டுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று ஒரு சமூகம் நம்பியது என்பதற்கு அவை சான்று.

அவற்றுள் எனக்குப் பிடித்தது அரிசில்கிழாரின் கதை. தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறை, தானும் அரசியுமாக அரண்மனைக்கு வெளியே வந்து நின்றுகொண்டு, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒன்பது நூறாயிரம் காணத்தோடு அரசுகட்டிலையும் கொடுத்தான். புலவர், நான் உன்னிடம் இரந்து கேட்கிறேன், இதை நீயே ஆள்வாயாக என்று திருப்பிக் கொடுத்துவிட்டு அமைச்சரானார். அதே அரசனின் முரசு வைக்கும் கட்டிலில் மோசிகீரனார் அறியாமல் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். அது தண்டனைக்குரிய குற்றம். அரசன் வாளை எடுக்காமல் கவரி எடுத்து அவருக்கு வீசினான் (50). அந்த உறக்கத்துக்கு விலையே கிடையாது. பெருஞ்சித்திரனார் வெறுங்கையோடு திரும்பிய தகடூரைப் பின்னாளில் வென்றவன், உறங்கும் புலவனின் முகத்தை நின்று பார்க்கத் தெரிந்த இந்த அரசன்.

செல்வம் கிடைத்ததும் பெருஞ்சித்திரனார் என்ன செய்தார்?

163ஆம் பாட்டு முழுவதும் இதற்கான விடைதான். பாட்டை அவர் மனைவியிடம் பாடுகிறார். அரசர்களையும் வள்ளல்களையும் நோக்கிப் பாடிப் பழகியவர், மிகப் பெரிய வெற்றியோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோது பாடிய பாட்டுக்கு முன்னிலை அவள். உன்னை விரும்பி வாழ்பவர்களுக்கும், நீ விரும்பி வாழ்பவர்களுக்கும், உன் சுற்றத்தில் மூத்த பெண்களுக்கும், நம் குடும்பத்தின் கடும்பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும், இன்னார்க்கு என்று பாராமல், என்னையும் கேட்காமல், சிக்கனமாகச் சேர்த்துவைத்து நன்றாக வாழ்வோம் என்றும் எண்ணாமல், எல்லோருக்கும் கொடு. இது குமணன் தந்த வளம் என்கிறார்.

'குறியெதிர்ப்பை' என்ற சொல் இன்று வழக்கில் இல்லை. ஆனால் செயல் எல்லா வீட்டுக்கும் தெரியும். அடுத்த வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி வாங்கி, அதே ஆழாக்கால் அளந்து திருப்பிக் கொடுப்பது. இந்த ஒரு சொல்லால், முந்தைய பாட்டுகளில் சொல்லாமல் விட்ட ஒன்று தெரியவருகிறது. புலவர் மலை மலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது வீட்டை உயிரோடு வைத்திருந்தவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்கள். அவர்களும் பெரும்பணக்காரர்களாக இருந்திருக்க வழியில்லை. குமணனின் கொடைக்கு முன்னால், பாட்டே கேட்காமல் கொடுத்தவர்கள் அவர்கள். ஒரு கலைஞனின் வெற்றிக்குப் பின்னால் இருக்கும் கடன் கணக்கை இவ்வளவு நேராக ஒப்புக்கொண்ட வரிகளை நான் அதிகம் படித்ததில்லை.

'என்னையும் கேட்காமல்' என்பதும் சாதாரணமான சொல் அன்று. ஈட்டியவர் அவர்; கொடுக்கும் அதிகாரம் அவளுக்கு. யாருக்கு எவ்வளவு பட்டிருக்கிறோம் என்பது அவளுக்குத்தானே தெரியும்?

நாளைக்கு என்று ஒன்றும் வைத்துக்கொள்ளாதது பொறுப்பின்மை இல்லையா?

இன்றைய நிலையில் இந்த அறிவுரையை யாருக்கும் அப்படியே சொல்ல எனக்குத் துணிவில்லை. மருத்துவச் செலவும் பிள்ளைகளின் படிப்பும் உள்ளவர் சேமிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் வாழ்ந்த உலகில் சேமிப்பு என்பது குதிரில் இருக்கும் நெல்லைவிட அதிகமாக அண்டைவீட்டாரின் நினைவில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இன்று எல்லோருக்கும் கொடுத்தவளுக்கு நாளை குறியெதிர்ப்பை மறுக்க யாருக்கும் மனம் வராது.

பெருஞ்செல்வமும் நிலையாக நிற்பதில்லை என்பதற்குக் குமணனே சான்று. அவனுடைய தம்பி நாட்டைப் பிடித்துக்கொள்ள, குமணன் காட்டில் மறைந்து வாழ்ந்தான். அடுப்பில் சமைப்பதே மறந்துபோய்க் காளான் பூத்த வீட்டிலிருந்து பெருந்தலைச்சாத்தனார் அவனைத் தேடிப் போனார் (164). கொடுக்க ஒன்றும் இல்லாத குமணன், தன் தலைக்குத் தம்பி விலை வைத்திருப்பதை எண்ணி, அதை வெட்டிக்கொண்டு போய்ப் பொருள் பெறும்படி வாளைப் புலவர் கையில் கொடுத்தான் (165). நாடு இழந்ததைவிட, பாடி வந்தவர் வாடித் திரும்புவது அவனுக்குப் பெருந்துன்பமாக இருந்ததாம்.

வறுமை கலையை வளர்க்கும் என்கிறார்களே?

பெருஞ்சித்திரனாரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கலாம்! கொய்த இடத்தில் துளிர்க்கும் கீரை அவர் பாட்டில் இடம்பெற்றது உண்மைதான். ஆனால் அவர் பாட்டு முழுவதும் அந்தக் கீரையிலிருந்து தப்பிக்கும் வழியைத் தேடுகிறது. பசியை எங்கும் அவர் போற்றவில்லை. கலைஞர் பட்டினி கிடப்பது அழகு என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் வயிறார உண்டவர்கள்.

அப்படியானால் நல்வாழ்வு என்று அந்தக் காலத்துப் புலவர்கள் எதைக் கருதினார்கள்?

ஒரே விடை கிடையாது. உலகாளும் அரசனுக்கும் இரவு பகலாக விலங்கு தேடி அலையும் வேட்டுவனுக்கும் உண்பது நாழி, உடுப்பவை இரண்டு. ஆகவே செல்வத்தின் பயன் ஈதல் என்று நக்கீரர் கணக்குப் போட்டார் (189). பிசிராந்தையாரிடம் ஒருமுறை, இத்தனை ஆண்டு ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்டார்கள். மனைவியும் மக்களும் நற்பண்பு நிறைந்தவர்கள். ஏவலர்கள் என் கருத்தறிந்தவர்கள். வேந்தன் தீயவை செய்யாமல் காக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, என் ஊரில் அடங்கிய கொள்கையுடைய சான்றோர் பலர் வாழ்கிறார்கள் என்றார் (191). அந்தப் பட்டியலில் பொன்னும் இல்லை, பரிசிலும் இல்லை. அவர் பாடிய பாட்டுகளும் இல்லை. முற்றிலும் மற்ற மனிதர்களால் ஆன பட்டியல். இதையும் 163ஆம் பாட்டையும் அடுத்தடுத்துப் படிப்பது எங்கள் வழக்கம். பெருஞ்சித்திரனார் கொடுக்கச் சொன்னவர்களின் வரிசையும் மனிதர்களின் வரிசைதான்.

அந்த மனைவியின் பெயர் என்ன? அவர் உண்மையாகவே எல்லோருக்கும் கொடுத்தாரா?

பெயர் பாட்டில் இல்லை. 'மனைகிழவோய்', அதாவது வீட்டுக்கு உரியவளே என்ற விளி மட்டும் இருக்கிறது. அவள் மறுமொழி சொன்னதாகவும் பாட்டு இல்லை; குமணனின் பெயரோடு அது முடிந்துவிடுகிறது. குமணன் தந்த வளம் வாசலில் இருக்க, அவள் முதலில் எந்த வீட்டுக்குப் போயிருப்பாள் என்று எங்கள் வட்டத்தில் ஒருமுறை வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியாக ஆழாக்கு அரிசி வாங்கிய வீட்டுக்குத்தான் போயிருப்பாள் என்று வயதில் மூத்த அம்மையார் ஒருவர் சொன்னார். அளவு ஒரு பிடி கூடுதலாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்.